தட்டை அடிப் படகு எப்படிப் பந்தயம் ஓடும்?

கேள்வி · ஜனவரி 6

அடி தட்டையாக இருந்தால் அது சரக்குப் படகு, இல்லாவிட்டால் ஏரியில் தூண்டில் போடுகிற படகு. பந்தயப் படகு என்றால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், அதற்கு அடி கூராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் நூறு வருடத்துப் பழைய தட்டை அடிப் பாய்ப் படகுகளை 'பந்தயப் படகு' என்று சொல்லி, புதுப் படகு வாங்குகிற காசைக் கொட்டிச் சரிசெய்கிறார்களாம். பழசின் மேல் உள்ள ஆசை என்றால் புரிகிறது. வேகம் எங்கிருந்து வரும்?

ஜனவரி 7

நேராக நிற்கும்போது நீங்கள் சொல்வது சரி. தட்டை அடி நிறையத் தண்ணீரைத் தொடும், உராய்வு அதிகம், இழுக்கும். ஆனால் இந்தப் படகை யாரும் நேராக நிறுத்தி ஓட்டுவதில்லை. காற்றை எதிர்த்துப் போகும்போது வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்து ஓட்டுவார்கள். அப்போது பாதி அடி காற்றில் தொங்கும், மீதிப் பாதிதான் தண்ணீரில் இருக்கும். அந்தப் பாதி எப்படி இருக்கும் தெரியுமா? குறுகலாக, நீளமாக, ஒரு தோணி மாதிரி. அகலமான தட்டைப் படகுக்குள் ஒல்லியான படகு ஒன்று ஒளிந்திருக்கிறது. சாய்த்தால்தான் அது வெளியே வரும்.

இந்த வகைக்கு ஸ்கவ் என்று பெயர். நான் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் ஊரில், மெண்டோட்டா ஏரிக்குப் பக்கம். கோடையில் ஈ ஸ்கவ் ('E' என்ற எழுத்தால் குறிக்கிற ஸ்கவ் வகை) ஒன்றில் ஆளாக ஏறுவேன். 28 அடி நீளம், மூன்று நான்கு பேர் வேண்டும். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் பழைய மர ஈ ஸ்கவ் ஒன்றைக் கொட்டகையில் போட்டுச் சரிசெய்துகொண்டிருக்கிறார். குளிர்காலத்தில் அங்கே போய் உப்புத்தாள் தேய்ப்பது என் வேலை. எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கொட்டகையில் கேட்டது.

ஜனவரி 7, இரவு

ஒன்று விட்டுப்போனது. காற்று குறைவான நாளில் படகு தானாகச் சாயாது. அப்போது நாங்கள் எல்லோரும் காற்று போகிற பக்கம், அதாவது தாழ வேண்டிய பக்கம், போய் உட்கார்ந்து படகை வலிந்து சாய்ப்போம். மற்றப் படகுகளில் ஏறிப் பழகியவர் முதல்முறை இதைப் பார்த்தால் 'கவிழ்க்கப் போகிறீர்களா' என்பார். காற்று பலமானால் எதிர்ப்பக்கம் ஏறி விளிம்பில் தொங்குவோம். ஆக மொத்தம் நிம்மதியாக உட்கார இடம் கிடையாது.

ஜனவரி 11

'இந்த வினோத வடிவத்தை யார் யோசித்தார்கள்?' என்று கேட்கிறீர்கள். விதிதான் யோசித்தது என்று சொல்வேன்.

1882-இல் நியூயார்க் பக்கத்து சீவனாக்கா கொரிந்தியன் யாட் கிளப் ஓர் அளவு விதி கொண்டுவந்தது. படகு நேராக நிற்கும்போது நீர்க்கோட்டில் (தண்ணீர் மட்டம் படகைத் தொடுகிற கோட்டில்) அதன் நீளம் எவ்வளவு, பாயின் பரப்புக்கு வர்க்கமூலம் எவ்வளவு, இரண்டையும் கூட்டி இரண்டால் வகு. வருகிற எண்ணை வைத்துப் படகைத் தரம் பிரி. எளிமையான விதி. அதில் எடை இல்லை, அகலம் இல்லை, தண்ணீருக்கு மேலே படகு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் இல்லை.

விதியில் எது இல்லையோ அது இலவசம். எனவே நீர்க்கோட்டை மட்டும் குட்டையாக வைத்து, அணியத்தையும் (படகின் முன்புறம்) பின்புறத்தையும் தண்ணீருக்குச் சற்று மேலே கிடையாக நீட்டினார்கள். அளக்கும்போது சின்னப் படகு. சாய்ந்து ஓடும்போது நீட்டிய பகுதியெல்லாம் தண்ணீரில் படிந்து பெரிய படகாகிவிடும். இது ஏன் முக்கியம் என்றால், நீரை விலக்கிக்கொண்டு போகிற படகின் வேகம் நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தோடு கட்டுண்டது. நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் தோராயமாக நாட் கணக்கில் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகம் வரும். 21 அடிக்கு 6.1 நாட். அதே படகு சாய்ந்து 42 அடியானால் 8.7 நாட். பணம் எங்கே போகும் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி 12

மேலே சொன்னதற்கு அழகான சாட்சி 1898-இன் டொமினியன். அந்தக் கிளப்பின் பந்தயக் கோப்பையான சீவனாக்கா கோப்பையை 1896-இல் கிளென்கெய்ர்ன் என்ற படகால் கனடாவுக்குக் கொண்டுபோனவர் மான்ட்ரியாலின் ஹெரிக் டக்கன். தொழிலில் பாலப் பொறியாளர். பின்னாளில் கியூபெக் பாலம் கட்டிய நிறுவனத்துக்குத் தலைமைப் பொறியாளர் ஆனார். 1898-இல் கோப்பையைக் காக்க அவர் கொண்டுவந்த டொமினியனின் அடியில் நடுவே நீளவாக்கில் ஒரு வளைவு மேலெழுந்திருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு ஒல்லி அடிகள். சாய்த்தால் ஒரே அடியில் ஓடும். அமெரிக்கர்கள் 'இது இரட்டைப் படகு, ஒற்றைப் படகே இல்லை' என்று சண்டை பிடித்தார்கள். டொமினியன் ஜெயித்தது.

எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். பாலம் கட்டுகிறவருக்குத்தான் 'பளு எங்கே இறங்குகிறது' என்ற கேள்வி முதலில் வரும் போல.

ஜனவரி 20

பைத்தியம் உச்சத்துக்குப் போன கதை.

1902-இல் ஸ்டார்லிங் பர்ஜஸ் வடிவமைத்த அவுட்லுக். நீர்க்கோட்டில் 21 அடிக்குள். முழு நீளம் சுமார் 52 அடி! முன்னும் பின்னும் 15 அடிக்கு மேல் வெறும் நீட்டம். மரம் இதைத் தாங்குமா? தாங்காது என்பதால் மேல்தளத்தில் எஃகுச் சட்டகம் ஒன்றை, ரயில் பாலத்துக்குப் போடுவது போல, நிறுத்திப் படகைப் பிடித்து வைத்தார்கள்.

அதற்கு முந்தைய வருடம் பாஸ்டன் பணக்காரர் தாமஸ் லாசன், பெயர்பெற்ற பாய்ப் படகுப் பந்தயமான அமெரிக்கா கோப்பைக்காக, இன்டிபென்டென்ஸ் கட்டினார். கிரவுனின்ஷீல்டின் வடிவமைப்பு. ஸ்கவ் வடிவத்தை 140 அடிக்குப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதுதான் பதில்: அலையில் தட்டை முன்புறம் அடிவாங்கி அடிவாங்கி, மூட்டெல்லாம் தளர்ந்து ஒழுகியது. சில மாதத்தில் உடைத்துப் போட்டார்கள். 28 அடியில் வேலை செய்வது 140 அடியில் வேலை செய்யாது. கடல் அலையும் ஏரி அலையும் ஒன்றில்லை.

1903-இன் ரிலையன்ஸ் பற்றிச் சொல்லச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தார், 'அதுவும் ஸ்கவ்தான்' என்ற குறிப்போடு. முழு ஸ்கவ் கிடையாது. அடியில் ஈயம் வைத்த ஆழமான ஏரா (படகின் நடு அடியிலிருந்து கீழே இறங்குகிற பகுதி) உண்டு. மேல் உடம்பு மட்டும் ஸ்கவ் சாயல்: நீர்க்கோட்டில் 90 அடிக்குள், முழு நீளம் சுமார் 144 அடி, பாய் 16,000 சதுர அடிக்கு மேல். நத்தேனியல் ஹெரஷாஃப் கட்டினார், கோப்பையையும் காப்பாற்றிக் கொடுத்தார். அதே காலத்தில் அவரே உட்கார்ந்து, எடையையும் கணக்கில் சேர்க்கிற புது விதியை எழுதினார். யுனிவர்சல் ரூல் என்பார்கள். ஓட்டையில் புகுந்து வந்தவரே ஓட்டையை அடைத்தார். அதோடு கடற்கரைக் கிளப்புகளில் ஸ்கவ் முடிந்தது. ரிலையன்ஸும் 1913-இல் பழைய உலோகமாகப் போனது.

பிப்ரவரி 3

'கடற்கரையில் முடிந்தது என்றால் உங்கள் ஊரில் எப்படி உயிரோடு இருக்கிறது?'

ஏரிக்காரர்கள் அந்த விதியைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். 1897-இலேயே இவர்களுக்குத் தனிச் சங்கம் இருந்தது, இன்லாண்ட் லேக் யாட்டிங் அசோசியேஷன். மின்னசோட்டாவின் ஒயிட் பேர் ஏரிக்கரையில் நார்வேயிலிருந்து வந்த ஜான் ஓ. ஜான்சன் தட்டைப் படகுகளைக் கட்ட ஆரம்பித்தார். அந்தப் பட்டறை 1990-களின் கடைசி வரை நடந்தது. விஸ்கான்சினில் 1945-இல் மெல்ஜஸ் குடும்பம் பட்டறை போட்டது. அந்த வீட்டுப் பிள்ளை பட்டி மெல்ஜஸ் 1972 ஒலிம்பிக்கில் சோலிங் என்ற படகு வகுப்பில் தங்கம் வாங்கினார். 1992-இல் அமெரிக்கா கோப்பையை வென்ற படகில் பில் கோக்குடன் சுக்கான் பிடித்தவர்களில் ஒருவர். ஏரிப் படகில் பழகின கை.

ஏரியில் அலை சின்னது, கரை எந்நேரமும் கண்ணில் படும். தட்டை அடிக்கு வேறென்ன வேண்டும்?

பிப்ரவரி 4

இனி கொட்டகை. புதுப்பிப்பது என்றவுடன் எல்லோரும் வார்னிஷ் பூசுவதைக் கற்பனை செய்கிறார்கள். அது கடைசி வாரத்து வேலை. முதல் வேலை படகை நேராக்குவது.

தட்டை அடிப் படகு டிரெய்லரில் இரண்டே கட்டையின் மேல் வருடக்கணக்கில் கிடந்தால், கட்டை தொட்ட இடம் உள்வாங்கும், மற்ற இடம் தொங்கும். முறுக்கும் விழும். அந்த நிலையிலேயே புதுப் பலகை அடித்தால் கோணலை நிரந்தரமாக்கியதாகிவிடும். எனவே படகைக் கவிழ்க்காமல் அடியில் பல இடத்தில் முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் ஒரு நேரத்தில் நூலளவு தூக்கி, விட்டுவிட வேண்டும். மரம் அதற்குப் பழக வேண்டும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். நீள மட்டக்கோலைக் குறுக்கேயும் நெடுக்கேயும் வைத்து வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று பார்ப்பது. இந்தக் கட்டத்தில் பொறுமை போய், ஒரே நாளில் தூக்கி வங்கை (படகின் குறுக்குச் சட்டம்) ஒடித்தவர்கள் உண்டு.

பிப்ரவரி 18

வங்குகள். குறுக்கே நெருக்க நெருக்கமாகப் போகிற மெல்லிய ஓக் சட்டங்கள். அடி திரும்பி மேலேறுகிற வளைவில்தான் எல்லாம் ஒடிந்திருக்கும். அலையில் அடி வாங்குகிற இடம் அதுதான்.

புதுச் சட்டத்தை ஆவியில் வேகவைத்து வளைக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது தச்சர் கணக்கு. சூளையில் உலர்த்திய ஓக் ஆகாது, வளைத்தால் நாராகப் பிளக்கும். ஈரம் விடாத அல்லது காற்றில் உலர்ந்த வெள்ளை ஓக் வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தபின் கையுறையோடு ஓடிப்போய் இடத்தில் அமுக்கி கிளாம்ப் போடுவதற்குள் ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். தச்சர் வாயில் பென்சிலோடு கத்துவது யாருக்கும் புரியாது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துவிடும்.

அழுகல் பற்றிக் கேட்டவருக்கு: உப்புத் தண்ணீர் மரத்தை ஓரளவு காப்பாற்றும். ஏரித் தண்ணீரிலும் மழைத் தண்ணீரிலும்தான் பூஞ்சை குஷியாக வளரும். முதலில் பார்க்க வேண்டிய இடம் பக்கப் பலகை ஏறி இறங்குகிற இரண்டு பெட்டிகள், அப்புறம் பின்பலகையின் மூலைகள், பாய்மரம் உட்கார்கிற இடம். பேனாக்கத்தி முனையால் குத்திப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி இறங்கினால் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

பிப்ரவரி 19

'பக்கப் பலகை என்றால்?' சரி, இதை முன்பே சொல்லியிருக்கலாம். நடுவில் ஏரா கிடையாது. வலம் இடமாக இரண்டு பலகைகள், சற்று வெளிநோக்கிச் சாய்வாகப் பதித்தவை. படகு சாயும்போது தாழ்ந்த பக்கத்துப் பலகை தண்ணீரில் நேர்குத்தாக நிற்கும். அதை இறக்கி, மற்றதைத் தூக்கிவிடுவோம். சுக்கானும் அதேபோல இரண்டு. ஒன்று வேலை செய்யும், மற்றது காற்றில் வேடிக்கை பார்க்கும். படகு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு பலகையை இறக்கி மற்றதை ஏற்ற வேண்டும். புதிதாக வந்த ஆளுக்கு அந்த வேலைதான் கொடுப்பார்கள்.

மார்ச் 2

கொட்டகையில் நடக்கிற பெரிய சண்டைக்கு வருகிறேன். படகின் சொந்தக்காரர் (தச்சர் இல்லை, தச்சரின் மைத்துனர்) அடி முழுக்கக் கண்ணாடி இழையும் எபாக்ஸிப் பிசினும் போர்த்திவிடலாம் என்கிறார். 'ஒழுகாது, இருபது வருடம் கவலை இல்லை.' தச்சர் கூடாது என்கிறார். நான் தச்சர் பக்கம்.

காரணம் ஒன்று: படகின் சீடர் (cedar) மரப் பலகை ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். போர்த்திய ஓடு விரியாது, சுருங்காது. எங்காவது ஓர் இடத்தில் விட்டுப்போகும். அந்த இடுக்கில் போன தண்ணீர் வெளியே வராது. வெளியே பளபளப்பு, உள்ளே உளுத்த மரம். ஒட்டுப்பலகைப் படகுக்கு எபாக்ஸி நல்லது, அது அவ்வளவாக அசையாது. தனித்தனிப் பலகை அடித்த படகு வேறு சாதி.

காரணம் இரண்டு: எடை. ஈ ஸ்கவ்வுக்கு விதி சொல்கிற குறைந்தபட்ச எடை 965 பவுண்டு, ஏறக்குறைய 438 கிலோ. 28 அடிப் படகுக்கு இது காகிதம். தட்டை அடியின் இரண்டாவது வித்தை என்னவென்றால், காற்று பின்னாலிருந்து வரும்போது படகை நிமிர்த்தினால் அது தண்ணீரை விலக்குவதை விட்டுவிட்டு மேலே ஏறி வழுக்கி ஓடும். அப்போது ஜனவரி 11-இல் சொன்ன 1.34 கணக்கெல்லாம் செல்லாது. ஆனால் எடை கூடினால் ஏறாது. பிசின் போர்த்தின படகு காட்சிக்கு நிற்கும், ஓடாது.

மார்ச் 3

நேற்று எழுதியதை ஒரு நாள் தள்ளிப் படிக்கும்போது சொந்தக்காரருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று தோன்றுகிறது.

சாதாரண மரப் படகைத் தண்ணீரிலேயே விட்டு வைப்பார்கள். பலகை ஊறி விரிந்து தானே இடுக்கை அடைத்துக்கொள்ளும். மீதிக்குக் கலப்பத்து, அதாவது இடுக்கில் நார் திணித்து அடைப்பது. ஸ்கவ்காரர்கள் அப்படி விடவே மாட்டார்கள். ஊறின படகு கனக்கும் என்று பந்தயம் முடிந்தவுடன் தண்ணீரிலிருந்து தூக்கிக் காய வைப்பார்கள். ஒவ்வொரு வாரமும் ஊறல், காய்தல், ஊறல், காய்தல். மரத்துக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. இந்தப் படகுகள் சில பருவம் ஓடி ஜெயித்துவிட்டுப் போவதற்காகக் கட்டப்பட்டவை. பேரனுக்கு விட்டுப்போக யாரும் கட்டவில்லை. அவுட்லுக், இன்டிபென்டென்ஸ், ரிலையன்ஸ் எல்லாம் அதே கதை.

அப்படியிருக்க 'அசல் முறைப்படி புதுப்பித்தேன்' என்றால், சீக்கிரம் கெடுகிற முறைப்படி புதுப்பித்தேன் என்றுதான் பொருள். ஓட்டுவதற்கா, வைத்துப் பார்ப்பதற்கா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். ஓட்டுவதற்கு என்றால் தச்சர் சொல்வதே சரி: கெட்ட பலகையை எடு, அதே மரத்தில் அதே தடிமனில் புதுசு போடு, பத்து வருடம் கழித்து இன்னொருவன் மறுபடி செய்யட்டும். காட்சிக்கு என்றால் எதையும் மாற்றாமல் அழுக்கோடு வைப்பது மேல். போர்த்துவது இரண்டிலும் சேராது. எனவே என் முடிவு அதேதான், வந்த வழி மட்டும் வேறு.

மார்ச் 4

பழைய பெயின்ட்டைத் தேய்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1978-க்கு முன் பூசியது என்றால் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்துக் கான்வாஸின் அடியிலும் ஈயக் கலவை இருக்கும். தண்ணீர் விட்டுத் தேய்க்கவும், நல்ல முகமூடி போடவும். குழந்தைகளைக் கொட்டகைக்குள் விடாதீர்கள்.

மார்ச் 16

'நான் கேட்டது பாய்ப் படகைப் பற்றி, ஆனால் தட்டை அடி மோட்டார் படகும் உண்டே, கலிஃபோர்னியாவில் கார் இன்ஜின் வைத்து ஓட்டுவார்களே?' உண்டு. அதன் தட்டை வேறு தட்டை. அது சாயவே கூடாது. வி8 இன்ஜினைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். அதிலிருந்து வருகிற தண்டு முன்னால் இருக்கிற ஒரு பல்சக்கரப் பெட்டிக்குப் போய், அங்கே வி எழுத்துப் போல் மடங்கி, இன்ஜினுக்கு அடியிலேயே பின்னோக்கி வந்து விசிறியைச் சுற்றும். பின்பலகையின் கீழ் இரண்டு தகடுகள், காலால் மிதித்து ஏற்றி இறக்கலாம். அணியம் எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அடக்குவார்கள். 1932 ஒலிம்பிக் துடுப்புப் போட்டிக்காக லாங் பீச்சில் வெட்டிய நீர்த்தடத்தில் பிற்பாடு இந்த வகையறா ஓடியது.

புதுப்பிக்கிறவருக்கு ஒரே ஒரு பாடம் இரண்டுக்கும் பொது. அடியின் கடைசி சில அடி நீளம் நூல் பிடித்தது போல நேராக இருக்க வேண்டும். கீழ்நோக்கி வளைந்திருந்தால் அணியத்தை அமுக்கும், வேகம் போகும். மேல்நோக்கி வளைந்திருந்தால் படகு தவளை மாதிரி குதிக்கும். மோட்டார்காரர்கள் நீளக் கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, பட்டி வைத்து, நாள் கணக்கில் தேய்ப்பது இதற்குத்தான். எங்கள் தச்சர் இழைப்புளியால் செய்வார், பட்டியைக் கண்டாலே அவருக்குக் கோபம் வரும்.

ஏப்ரல் 21

திருகாணி: பழைய பித்தளைத் திருகாணியைக் கழற்றும்போது தலை மட்டும் கையோடு வருகிறது என்று எழுதியவருக்கு. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோனால் மிச்சம் பஞ்சு போன்ற செம்பு. இளஞ்சிவப்பாக இருந்தால் அதுதான். ஏரியில் மெதுவாக நடக்கும், கடலில் சீக்கிரம். சிலிக்கான் வெண்கலத் திருகாணிக்கு மாறுங்கள். விலை அதிகம். பழைய துளையில் அதே அளவு பிடிக்காது, ஓர் அளவு பெரியது போடுங்கள்.

மே 12

'இதெல்லாம் முடிந்துபோன தொழில்நுட்பம்' என்று ஒருவர். 2011-ஐப் பாருங்கள். டேவிட் ரெய்சன் என்ற பிரெஞ்சுக்காரர் 6.5 மீட்டர் படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கிற மினி டிரான்சாட் பந்தயத்துக்கு, ஸ்கவ் போல அகலமான உருண்டை மூக்கு வைத்த படகு ஒன்றை வடிவமைத்துக் கொண்டுவந்தார். அவரே ஓட்டி ஜெயித்தார். அகலத்தை முன்னாலேயே கொண்டுபோனால் படகு காற்றுக்கு நிமிர்ந்து நிற்கும், இறங்குகிற அலையில் மூக்கு குத்தாது. 2019-இல் அவர் வடிவமைத்த 40 அடிப் படகில் இயான் லிபின்ஸ்கி தம் துணையோடு டிரான்சாட் ஜாக் வாப்ர் பந்தயத்தில் தம் வகுப்பை வென்றார்.

கடலுக்கு ஸ்கவ் ஆகாது என்று ஜனவரி 20-இல் இன்டிபென்டென்ஸை வைத்துச் சொன்னது மரத்துக்கும் திருகாணிக்கும் பொருந்தும். கார்பன் இழைக்கு மூட்டு இல்லை, தளர ஒன்றும் இல்லை. டக்கன் கையில் அது கிடைத்திருந்தால் விதிக்குழுவுக்குத் தூக்கமே வந்திருக்காது.

ஜூன் 9

படகு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: போர்த்தவில்லை. அடிக்குக் கிராஃபைட் கலந்த கறுப்புப் பூச்சு, பழைய பந்தயக்காரர்கள் பூசுகிறது போலவே. முதல் நாள் இடுக்கெல்லாம் ஒழுகியது, எதிர்பார்த்ததுதான். சொந்தக்காரர் தச்சரோடு பேசாமல் இருந்துவிட்டு, காற்று வந்தவுடன் பேச ஆரம்பித்தார். பாய்மரம் பழைய ஸ்ப்ரூஸ் மரமா அலுமினியமா என்பதில் இப்போது அடுத்த சண்டை. ஸ்ப்ரூஸ் உள்ளீடற்றது, ஒட்டு விட்டிருக்கிறது. தட்டிப் பார்த்தால் இரண்டு இடத்தில் சத்தம் மாறுகிறது. பிரித்து மறுபடி ஒட்டின அனுபவம் யாருக்காவது இருந்தால் எந்தப் பசை என்று எழுதுங்கள்.